அமாண்டா ஸ்மித் அம்மையாரின் சுயசரிதை: ஓர் ஆராய்ச்சி

அவையடக்கம் என்பது நம் புலவர்களுக்குப் புதிய சரக்கன்று. நூலின் தலைவாயிலில் நின்று தம் சிறுமையைச் சில செய்யுட்களிற் கூறிவிட்டு, உள்ளே நுழைந்தபின் ஆயிரக்கணக்கான செய்யுட்களில் தம் ஆற்றலை நாட்டிய பெரும்புலவர் நம்மிடையே பலர் உளர். ஆகவே, தன்னைத் தாழ்த்திப் பேசும் நூலொன்று கைக்கு வரின் அதனை அப்படியே நம்பிவிடலாகாது. அத்தாழ்வு யார் முன்னிலையில், எதன்பொருட்டுச் சொல்லப்படுகிறது என்று கேட்டறிவது வாசகர் கடமையாகும்.

நாம் இங்கே எடுத்துக்கொண்ட நூல் 1893-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வெளிவந்தது. 500 பக்கங்களுக்கு மேற்பட்டது. எழுதியவர் அமாண்டா பெரி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண்மணி. 1837-இல் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாய்ப் பிறந்து, சலவைத் தொழில் செய்து பிழைத்து, பின்னர் மெதடிஸ்ட் பிரசங்கியாகி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஊர் ஊராகச் சுற்றியவர். இது தம் கதையன்று, ஆண்டவர் தம்மை நடத்திவந்த கதையே என்பதுதான் அவர் தம் நூலுக்கு இட்ட தலைப்பின் கருத்து. தலைப்பிலேயே அம்மையார் இரண்டடி பின்னே போய் நின்றுகொள்கிறார்.

இந்நூலைப் படித்த நண்பர் ஒருவர், “சங்கிலி காலிலிருந்து கழன்றதே யொழிய நெஞ்சிலிருந்து கழலவில்லை” என்று சொல்லி அதனை என்னிடம் திருப்பித் தந்தார். முதன்முறை படித்தபோது எனக்கும் அவ்வாறே பட்டது. தம்மை அவமதித்தவர்களை அம்மையார் ஓரிடத்தும் கடிந்துரைப்பதில்லை. அடி விழுந்த இடத்திலெல்லாம் தோத்திரம் செய்கிறார். இத்தகைய பணிவைப் போற்றுவதா, வெறுப்பதா என்று தெரியாமல் நூலை மூடி வைத்தேன். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது வேறொன்று கண்ணிற் பட்டது. தோத்திரத்தை மட்டும் படித்தேனே தவிர, அதற்கு முன்னே அவர் எழுதி வைத்திருந்த கணக்கை நான் படிக்கவில்லை.

கணக்கென்று நான் சொல்வது உவமையன்று. இந்நூலில் எல்லாவற்றுக்கும் விலையுண்டு. முதல் விலை மனிதவிலை. அம்மையாரின் தந்தை சாமுவேல் பெரி ஒரு பண்ணையின் அடிமை. தாய் மேரியம் வேறொரு பண்ணையின் அடிமை. எசமானருக்குரிய பகல் வேலையை முடித்தபின், சாமுவேல் இரவிலே துடைப்பமும் சோளத்தோல் பாயும் முடைந்து சந்தைக்கு அனுப்புவார். அறுவடைக் காலத்தில் மூன்று நான்கு மைல் நடந்து போய் அயல் வயல்களில் நள்ளிரவுக்கு மேலும் கூலிக்கு உழைத்து, மீண்டும் வந்து ஓரிரு மணி நேரம் கண்ணயர்ந்து, விடியலில் அடிமை வேலைக்குப் போவார். இப்படிச் சேர்த்த காசால் முதலில் தம்மை விலைக்கு வாங்கினார். பிறகு மனைவியையும் மக்களையும் வாங்கினார். தன் மகளைத் தானே காசு கொடுத்து வாங்கிய தகப்பனைப் பற்றி எழுத நேர்ந்த ஓர் எழுத்தாளர் அங்கே எத்தனை ஆவேசம் காட்டியிருக்கலாம்! அம்மையார் காட்டவில்லை. எத்தனை மைல், எத்தனை மணி, என்ன வேலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அடக்கத்தால் சொல்லுக்கு ஏறிய கனம் ஆவேசத்தால் ஏறியிராது என்பது என் துணிபு.

தாயின் விடுதலைக்கு வேறொரு துணையும் இருந்தது. எசமானர் வீட்டு இளம்பெண் ஒருத்தி மெதடிஸ்ட் கூட்டமொன்றில் மனந்திரும்பி மேரியமோடு சேர்ந்து செபித்தவள். அவள் நோயுற்று இறக்குந் தறுவாயில், மேரியத்தையும் பிள்ளைகளையும் சாமுவேல் விலைக்கு வாங்க இடந்தர வேண்டுமென்று தன் வீட்டாரிடம் மன்றாடினாள். அம்மையார் இதனைக் கடவுளின் செயல் என்கிறார். நாம் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். மரணப் படுக்கையில் அப்பெண் கேட்டதுகூட விடுதலையன்று, விற்பனைதான். காசு வாங்காமல் விட்டுவிடுங்கள் என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. இதனை அம்மையார் சுட்டிக் காட்டுவதில்லை, மறைப்பதுமில்லை.

படிப்பின் கணக்கும் அவ்வாறே. விடுதலையானபின் குடும்பம் பென்சில்வேனியா மாகாணத்திற் குடியேறியது. தப்பியோடி வரும் அடிமைகளுக்கு அவ்வீடு மறைவிடமாயிற்று. அம்மையார் பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மாதங்களுக்கு மேலில்லை. ஐந்து மைலுக்கு மேல் நடந்து போக வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளின் பாடம் முடிந்து நேரமிருந்தால்தான் இவருக்குப் பாடம். மற்றபடி, செய்தித்தாள்களிலுள்ள பெரிய எழுத்துக்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அவற்றைச் சொற்களாகக் கூட்டித் தரும்படி தாயைக் கேட்டுக் கற்றார். இத்துணைக் கல்வியோடு 500 பக்க நூல் எழுதியவரின் நடையில் இலக்கணப் பிழை தேடும் புலமை நமக்கு வேண்டாம். பேசுவது போலவே எழுதுகிறார். அந்நடைக்கு அதுவே உயிர்.

இல்வாழ்க்கையில் அவர் கண்ட சுகம் சொற்பம். முதற் கணவர் குடிப்பழக்கமுள்ளவர். உள்நாட்டுப் போருக்குச் சென்றவர் திரும்பவில்லை. இரண்டாவது கணவர் ஜேம்ஸ் ஸ்மித், தாம் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையில் போதகராகப் போவதாகச் சொல்லி மணந்துகொண்டார். போதகரின் மனைவியாயிருந்து ஊழியஞ் செய்யலாம் என்னும் ஆசையே தம்மை அம்மணத்துக்கு இணங்கச் செய்தது என்று அம்மையார் ஒப்புக்கொள்கிறார். அந்த வாக்குப் பொய்த்தது. பெண்ணொருத்தி ஊழியத்துக்கு வர அக்காலத்தில் இருந்த ஒரே நல்ல வாசல் ஒரு போதகனின் தாலிதான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பக்கம் எதையும் நான் படித்ததில்லை. அவ்வாசல் அடைபட்டதால் அவர் தாமே பிரசங்கியானார். இதிலுள்ள நகைச்சுவையை அம்மையாரும் உணர்ந்திருக்கிறார் என்றே எண்ணுகிறேன். அப்பகுதியின் நடை சற்றே துள்ளுகிறது.

நியூயார்க்கில் சலவைத் தொழில் செய்த காலத்தைப் பற்றிய பக்கங்களே நூலின் நெஞ்சம். காலை ஆறு மணிக்குத் தொட்டியண்டை நின்றவர் மறுநாட் காலை ஆறு மணி வரை நின்ற நாட்களும் உண்டு. தூக்கம் மிகுந்தால் பலகணி விளிம்பில் தலையைச் சாய்த்து, முதல் அயர்ச்சி போனதும் எழுந்து மீண்டும் துணிக்குத் திரும்புவார். பெற்ற பிள்ளைகள் ஐவரில் மேஸி என்ற மகள் ஒருத்தியே தங்கினாள். 1869-இல் கைக்குழந்தை இறந்தது. அதே ஆண்டில் கணவரும் இறந்தார். பச்சிளங் குழந்தையை அடக்கஞ் செய்யவும் கையிற் காசில்லை. சுவிசேஷகர் சரிதைகளில் துன்பங்கள் பெரும்பாலும் பின்னால் வரப்போகும் அருளுக்கு முன்னறிவிப்பாகவே அடுக்கப்படும். இங்கே சில துன்பங்களுக்கு எந்த விளக்கமும் தரப்படவில்லை. குழந்தை இறந்தது, துணி காத்திருந்தது. அவ்வளவே.

இனி, நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். 1868-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிறன்று அம்மையார் தம் இனத்தாரின் கோயிலுக்குச் செல்லாமல், நியூயார்க் கிரீன் தெருவிலிருந்த வெள்ளையர் ஆலயத்துக்குச் சென்றார். ஜான் இன்ஸ்கிப் என்னும் புகழ்பெற்ற போதகர் அன்று பரிசுத்தமாகுதலைக் குறித்துப் பிரசங்கித்தார். மனிதனின் உள்ளம் இவ்வுலக வாழ்விலேயே பாவத்தின் பிடியிலிருந்து முற்றும் விடுபடலாம் என்பது மெதடிஸ்ட் சபையின் ஆதி போதனைகளில் ஒன்று. கேட்டுக்கொண்டிருந்த அம்மையாருக்கு அவ்விடுதலை கிட்டியது. ஆனந்தத்தால் உரக்கக் கூவ வேண்டுமென்று தோன்றிற்று. சுற்றியிருந்த வெள்ளை முகங்களைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொண்டது. பிற்பாடு அடக்க முடியாமல் கூவிவிட்டார்.

வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். வெள்ளையரிடம் தமக்கு நெடுநாளாக ஒருவகை அச்சம் இருந்ததென்று அம்மையார் எழுதுகிறார். அவர்கள் தீங்கு செய்வார்கள் என்ற அச்சமன்று. காரணம் கேட்டால், அவர்கள் அந்நிறம், தாம் இந்நிறம் என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பரிசுத்தமடைந்த அன்று அந்த அச்சம் போய்விட்டது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்னும் பவுலடியாரின் கருத்து அன்றுதான் அவருக்கு விளங்கிற்று. மலைபோல் தோன்றிய மனிதர்கள் சிறுத்துப் போனார்கள். பாவம் போயிற்றென்று மற்றவர்கள் எழுதுமிடத்தில் இவர் பயம் போயிற்றென்று எழுதுகிறார். ஆதி மெதடிஸ்ட் போதகர்கள் இக்கோட்பாட்டைப் பற்றி எழுதிய பல பக்கங்களில் இந்தப் பொருள் இல்லை. சலவைக்காரி ஒருத்தி தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பொருள் இது.

தோலின் நிறம் கறுப்பாயிருப்பது தம்மைப் பொறுத்தவரையில் அரச நிறம் என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். பரிசுத்தமாகுதலின் சாரம் வேண்டுவோர் ஒரே ஒரு நாள் கறுப்பராய் இருந்து பார்த்தால் தெரிந்துகொள்வர் என்ற கருத்தையும் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார். சங்கிலி நெஞ்சிலே கிடப்பவர் இப்படிச் சிரிப்பதில்லை.

1870 முதல் முழுநேரப் பிரயாண ஊழியம். மெதடிஸ்டுகள் கோடைக்காலத்தில் மரச்சோலைகளில் கூடாரம் அடித்துத் தங்கிப் பல நாள் நடத்தும் கூட்டங்களே அவருக்கு அரங்கம். குவேக்கர்கள் அணிவது போன்ற எளிய உடை, முகத்தை மறைக்கும் தொப்பி, கையில் ஒரு பை. 1871-இல் மெயின் மாகாணத்துக் கென்னபங்க் கூட்டத்தில், கறுப்புப் பெண் பிரசங்கியைக் காண்பதற்கென்றே ஒரு கும்பல் அவர் போகுமிடமெல்லாம் வாய் பிளந்து பின்தொடர்ந்தது. ஒளிய இடமின்றித் தவித்தவர், உலகத்தார் பார்வைக்குக் காட்சிப் பொருளாக இருக்கவும் சம்மதம் என்று தாம் முன்பு செபத்தில் ஒப்புக்கொண்டதை நினைத்துத் தேறினார். இதனை அடிமைப் பணிவென்று சொல்வாருண்டு. பார்க்கிறவர்களைத் தடுக்க அவருக்கு அதிகாரமில்லை. பார்வைக்கு முன் ஓடாமலிருக்க மட்டுமே அதிகாரமிருந்தது. அதைச் செலுத்தினார்.

தம் சொந்தச் சபையாரிடம் அவர் பட்டது இன்னும் கசப்பு. 1872-இல் நாஷ்வில் நகரில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையின் பொது மாநாடு கூடிற்று. அங்கு செல்ல எவ்வளவு செலவாகும் என்று அம்மையார் போதகர் ஒருவரைக் கேட்டார். பணம் வேண்டும் என்று மட்டும் இளக்காரமாய் விடை வந்தது. அங்கே சென்றபின், பட்டுடுத்திய போதகர் மனைவியரிடையே இவருடைய எளிய உடை தனித்துத் தெரிந்தது. இவள் குருப்பட்டம் கேட்டு வந்திருக்கிறாளோ என்ற முணுமுணுப்பும் எழுந்தது. பிறகு பிஸ்க் கல்விக் கழகத்தின் ஜூபிலி பாடகர் குழுவை நடத்திய ஒயிட் என்பவர் கூட்டத்தில் இவரை அடையாளங் கண்டு, மேடைக்கு அழைத்து, சபையோருக்கு அறிமுகஞ் செய்வித்தார். அதன்பின் முகங்கள் மாறின. ஒயிட் வெள்ளையர். தம் இனத்தார் தம்மை மதிப்பதற்கும் ஒரு வெள்ளையர் கைகாட்ட வேண்டியிருந்தது என்னும் செய்தியை அம்மையார் வெற்றியாக எழுதுகிறார். நாம் அதனைத் துயரமாகவே படிக்கிறோம்.

நூலின் முகவாயிலிலும் இதே காட்சிதான். அத்தியட்சர் தோபர்ன் முன்னுரை எழுதியிருக்கிறார். கிறிஸ்தவப் போதனையில் வேறெவரிடமும் கற்றதைவிட அதிகமாக இந்தப் பெண்மணியிடம் தாம் கற்றதாகவும், தாம் கல்கத்தாவில் வசித்த 17 ஆண்டுகளில் இவரைப் போலக் கூட்டத்தை ஈர்த்து நிறுத்தியவர் எவரையும் கண்டதில்லை என்றும் மனந்திறந்து பாராட்டுகிறார். திறந்தவெளிக் கூட்டமொன்றில் கலகக்காரர் கூச்சலிட்டபோது அம்மையார் முழந்தாளிட்டு வானத்தை நோக்கிச் செபிக்கவே கூச்சல் அடங்கிய நிகழ்ச்சியையும் அவர் வருணிக்கிறார். தோபர்ன் நேர்மையானவர், அவர் கூறும் புகழ் வெறும் உபசாரமன்று. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தோபர்னின் நூல்களுக்கு அமாண்டா ஸ்மித்திடம் முன்னுரை வாங்க வேண்டுமென்று எவருக்கேனும் தோன்றியிருக்குமா?

இந்தத் தோபர்ன் நம் சிங்கப்பூருக்கு அந்நியரல்லர். 1885 பிப்ரவரியில் ஓல்டாம் போதகரோடு இங்கு வந்திறங்கி மெதடிஸ்ட் சபையைத் தொடங்கியவர் அவரே. 1887-இல் இச்சபையைச் சேர்ந்த சோபியா பிளாக்மோர் அம்மையார் தமிழ்ப் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். பிரசங்கம் செய்வது எப்படியென்று கறுப்பினச் சலவைக்காரி ஒருத்தியிடம் கற்றதாக ஒப்புக்கொண்டவர், அதற்குச் சில ஆண்டுகளுக்குள் இத்தீவில் நின்று பிரசங்கித்தார் என்பது நம் ஊர்ச் சரித்திரத்தில் சேரவேண்டிய செய்தி.

மூன்று மாத ஓய்வென்று சொல்லி 1878-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், 1890-இல்தான் தாய்நாடு திரும்பினார். 1879-இன் இறுதியில் பம்பாய் வந்தார். கல்கத்தா, நைனிடால், பெங்களூர், கோலாரிலுள்ள அநாதை விடுதி, பர்மா என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சுற்றினார். இந்தியாவைப் பற்றிய அதிகாரங்களை ஆவலோடு திறந்த எனக்கு ஏமாற்றமே எஞ்சியது. அமெரிக்காவில் எந்த வீட்டில் எந்த நாற்காலி தமக்குத் தரப்பட்டது, எது தரப்படவில்லை என்பதை ஊசி முனையளவும் தவறவிடாத அந்தக் கண், இந்தியாவில் மங்கிப் போகிறது. மிஷனரிமார் எழுதிவந்த வாசகங்களையே அவரும் எழுதுகிறார்: இருளிற் கிடக்கும் மக்கள், விக்கிரகங்கள், பரிதாபத்துக்குரிய பெண்கள். பெண்களின் துயரம் பொய்யன்று. அதனைச் சொன்னதற்காக அவரைக் குறைகூறுவோர் குழந்தை மணத்தையும் விதவைக் கொடுமையையும் நினைத்துப் பார்க்கட்டும். நான் குறைகூறுவது வேறு. ஆங்கிலப் படை அதிகாரிகளின் வீடுகளில் மரியாதையோடு உபசரிக்கப்பட்டவர், அவ்வீடுகளின் பின்கட்டில் நின்று துணி வெளுத்தவனையும் விசிறி இழுத்தவனையும் பார்க்கவில்லை. முன்னர் அவர் நின்ற இடம் அதுவே. அவனுக்கு அங்கிருந்த அச்சத்தைக் கண்டறிய இவரை விடத் தகுதியுள்ளவர் யார்?

ஆப்பிரிக்காவில் அந்தக் கண் பாதி திரும்புகிறது. 1882 முதல் ஏழெட்டு ஆண்டுகள் லைபீரியாவிலும் சுற்றுப்புறங்களிலும் ஊழியஞ் செய்தார். மதுவிலக்குச் சங்கங்கள் அமைத்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகள் இருவரைத் தம் பிள்ளைகளாக ஏற்றார். அமெரிக்காவிலிருந்து கறுப்பர்களைத் தாயகம் திரும்புங்கள் என்று ஆசைகாட்டிக் கப்பலேற்றிய காலம் அது. கையிற் பொருளின்றி வந்திறங்கியவர் பட்ட பாட்டை அம்மையார் ஒளிக்காமல் எழுதினார். தம் இனத்தாரே ஆளும் நாடென்பதற்காகப் பூசி மெழுகவில்லை. எனினும் உள்நாட்டுப் பழங்குடிகளைப் பற்றிப் பேசும்போது மிஷனரி வாசகம் மீண்டும் தலைகாட்டுகிறது. மேலும், இப்பகுதியில் கூட்டங்களின் பட்டியலும் கடிதங்களும் நாட்குறிப்புத் துண்டுகளும் மலிந்து வாசகரைக் களைப்பிக்கின்றன. பொறுமையற்றவர் நூறு பக்கங்களைத் தாண்டிப் போனால் நான் குறைசொல்ல மாட்டேன்.

குருப்பட்ட விஷயத்தில் அவர் எழுதியது தனியே ஆராயத் தக்கது. பட்டம் பெறும் எண்ணமே தமக்கு உதித்ததில்லை என்கிறார். ஏன்? மனிதர் கை வைத்துத் தரும் அபிஷேகத்தைக் காட்டிலும் மேலான அபிஷேகத்தை ஆண்டவரிடமே தாம் பெற்றுவிட்டாராம். இதைவிட அடக்கமான சொல்லும் இல்லை, இதைவிட அடங்காத சொல்லும் இல்லை. அத்தியட்சர்களின் பகையைத் தேடிக்கொள்ளாமலே அவர்கள் தரக்கூடியது தமக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் இச்சாமர்த்தியத்துக்கும் ஒரு விலையுண்டு. தமக்கு வேண்டாமென்று விட்ட கதவு பின்வந்த பெண்களுக்கும் மூடியே இருந்தது. அமெரிக்க மெதடிஸ்ட் சபை பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை வழங்கியது 1956-இல்தான். அம்மையார் மறைந்து 41 ஆண்டுகள் கழித்து. அவர் ஒருவர் போராடியிருந்தால் அது முன்னமே வந்திருக்குமென்று நான் சாதிக்கவில்லை. சாதுரியமாகத் தப்பியவர் விடுவித்தவராகமாட்டார் என்று மட்டும் சொல்கிறேன். இதில் என் நண்பர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. அதை அவருக்குச் சொல்லியும் விட்டேன்.

நூல் 1893-இல் முடிகிறது. அம்மையாரின் பிரயாணம் முடியவில்லை. நூல் விற்ற பணத்தையும் கைச்சேமிப்பையும் போட்டு, 1899-இல் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹார்வி என்ற ஊரில் திக்கற்ற கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு விடுதி திறந்தார். அறுபது வயதைக் கடந்தபின் மறுபடியும் ஊர் ஊராகச் சென்றார். இம்முறை விடுதிக்கு அரிசி பருப்பும் விறகும் போன்ற அன்றாடத் தேவைக்குக் காசு திரட்டுவதற்காக. 1912-இல் ஓய்வு பெற்று புளோரிடாவில் சீப்ரிங் என்னும் ஊருக்குச் சென்றார். 1915-இல் அங்கே காலமானார். விடுதி 1918-இல் தீக்கிரையாயிற்று.

நூலைப் புதிதாய் எடுப்பவர் முன்னுரையை விட்டுவிட்டு, தந்தை துடைப்பம் முடையும் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். அத்தியட்சரின் நற்சான்றைக் கடைசியிற் படித்துக்கொள்ளலாம்.